மௌனமும் நீதியும் ஒரே கூரையின் கீழ்



வழிபாடு மனத்துக்கு அமைதி தருவது. நீதிக்காகக் குரல் எழுப்புவது வேறு வேலை. நம்மில் பலர் இவ்விரண்டையும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். இவை இரண்டும் ஒன்றையொன்று விட்டு வாழ இயலாதவை என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த ஒருவரைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். அவர் பெயர் ஹாவர்ட் தர்மன். பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று எண்ணிவிட வேண்டா! 1899-இல் பிறந்து, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து டேட்டோனாவில் வளர்ந்த கறுப்பினப் போதகர் அவர்.

சிறுவனாக இருந்தபோது ஒரு வெள்ளையர் வீட்டில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவிக்கும் வேலை செய்தார். அவ்வீட்டுச் சிறுமி, குவித்த இலைகளைக் கலைத்து விளையாடிக்கொண்டே இருந்தாள். வேண்டாமென்று இவர் தடுக்கவே, சினந்து ஓர் ஊசியால் இவர் கையில் குத்திவிட்டாள். வலியால் இவர் கத்தியபோது அச்சிறுமிக்கு உண்மையிலேயே வியப்பு. இவருக்கெல்லாம் வலிக்காது என்றே அவள் நம்பியிருந்தாள். அவள் கொடியவள் அல்லள், குழந்தை. அப்படியானால் அதனை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? எந்தப் பாடநூலிலும் அது அச்சாகியிருக்கவில்லை.

இந்தச் சிறுவனைத் தாங்கி நின்றவர் அவருடைய பாட்டி நான்சி அம்புரோஸ். அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன்தான் அவருக்கு விவிலியம் வாசித்துக் காட்டுவான். ஆனால் பவுலின் நிருபங்களை மட்டும் பெரும்பாலும் வாசிக்க விடமாட்டார். அடிமைகள் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வரியை எடுத்துக்கொண்டே எசமானின் போதகர் அன்று திரும்பத் திரும்பப் பிரசங்கம் செய்தாராம். ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் அடிமைப் போதகரோ, நீங்கள் அடிமைகள் அல்லர், கடவுளின் பிள்ளைகள் என்று முடிப்பாராம். ஒரே நூல், இரண்டு போதகர்கள். பாட்டி எதனை வைத்துக்கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தெளிவாகவே தேர்ந்துகொண்டார். எழுத்தறியாத அந்த மூதாட்டியை நான் ஒரு பெரும் வாசகர் என்றே சொல்வேன்.

1935-இல் தர்மன் தம் மனைவி சூ பெய்லியுடனும் மற்றொரு தம்பதியுடனும் இலங்கை, இந்தியா, பர்மா ஆகிய நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணமாக வந்தார். கொழும்பில் சட்டக் கல்லூரியில் பேசிய பின்னர் ஒருவர் அவரை நேராகக் கேட்டார். உம் முன்னோரை அடிமைப்படுத்தியவர்கள் கிறிஸ்தவர்கள்; அடிமைக் கப்பல் செலுத்தியவர் கீர்த்தனை எழுதினார்; இன்றும் உம் மக்களைக் கொல்லும் கும்பல்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மதத்தின் பெயரால் நீர் இங்கு வந்து நிற்பது கறுத்த மக்கள் அனைவருக்கும் செய்யும் துரோகம் அல்லவா? 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தபோது அவரும் அடிமைமுறை, வாக்குரிமை, கும்பல் கொலை என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார்.

கொழும்பில் கிடைத்த அந்தக் கேள்வியைத் தர்மன் எங்கும் மறைக்கவில்லை. 1949-இல் வெளிவந்த ‘இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும்’ என்னும் தம் நூலின் தொடக்கத்திலேயே அதனை வைத்தார். சுவரில் முதுகு முட்ட நிற்பவனுக்கு இம்மதம் என்ன சொல்கிறது என்பதே நூலின் வினா. இயேசுவே ரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஏழை யூதர், உரிமையற்றவர் என்பதிலிருந்து அவர் விடையைத் தொடங்குகிறார். பிறகு அச்சம், பொய்ம்மை, வெறுப்பு என்று தனித்தனியே இயல்கள். ஒடுக்கப்பட்டவனுக்கு இம்மூன்றும் முதலில் கேடயமாகத்தான் வருகின்றன. நாளடைவில் உள்ளிருந்தே அவனைத் தின்கின்றன. வெளிச்சட்டம் மாறினாலும் உள்ளே இவை தங்கிவிட்டால் விடுதலை பாதியே என்கிறார். கை உயர்த்தாத பிள்ளை, அடிக்குப் பயந்து பொய் சொல்லும் பிள்ளை... நம் வகுப்பறைகளில் நாம் காணாததா?

அதற்கு முன்பே, 1944-இல், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு புதுமுயற்சிக்கு அழைப்பு வந்தது. ஆல்பிரட் பிஸ்க் என்ற வெள்ளையினப் போதகரோடு இணைந்து, எல்லா இனத்தாரும் சேர்ந்து வழிபடும் ஒரு சபை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் தாம் வகித்த நல்ல பதவியை விட்டுவிட்டுத் தர்மன் அங்கே சென்றார். இந்தச் செய்தியில் ஒரு முள் உண்டு. சபை முதலில் கூடிய கட்டடம் ஜப்பானிய-அமெரிக்கக் கிறிஸ்தவர்களுடையது. 1942 முதல் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்ததால் வெறுமையாகக் கிடந்த இடம் அது. ஓர் இன அநீதி காலிசெய்த அறையில்தான் இன நல்லிணக்கம் குடியேறியது!

அங்கே வழிபாட்டுக்கு முன்னர் நெடுநேரம் மௌனமாக அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் ஆசியரும் பக்கத்தில் பக்கத்தில். பேச்சில்லாத அந்த நேரத்தில் யார் மேல், யார் கீழ் என்று எப்படிக் காட்டுவது? பிள்ளைகள் பிற இனத்தாரின் வாழ்வையும் பண்பாட்டையும் கற்றுக்கொள்ளப் பயிலரங்குகளும் நடைபெற்றன. விருந்தோம்பல் விழாவோடு ஒற்றுமை முடிந்துவிடுவதாக எண்ணும் நமக்கு இதில் பாடம் உண்டென்பது என் கருத்து. ஆண்டுக்கொருமுறை ஒன்றாக உண்பது எளிது. வாரந்தோறும் ஒன்றாக வாய்மூடி இருப்பது கடினம். தாய்ச்சபையின் நிதியுதவியையும் அவர்கள் விரைவிலேயே விட்டனர். தருமம் செய்பவர், பெறுபவர் என்ற பிரிவு சபைக்குள் நுழைந்துவிடக் கூடாதல்லவா?

தர்மன் ஊர்வலங்களை முன்னின்று நடத்தியவர் அல்லர். அதற்காக அவரைக் குறைகூறியோரும் உண்டு. அக்குறையை நான் முழுதும் தள்ளவில்லை. ஆயினும் ஒரு செய்தி. 1958-இல் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் கத்திக்குத்துக்கு ஆளானார். மருத்துவமனைக்குச் சென்ற தர்மன், மருத்துவர் சொன்ன ஓய்வுக்கு மேலும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுமாறு அவரை வற்புறுத்தினார். போராட்டம் உம்மைவிடப் பெரிதாகிவிட்டது, அதனோடு உமக்குள்ள உறவை ஒதுங்கியிருந்து சிந்தித்துப் பாரும் என்பதே அவர் எண்ணம். கிங் ஏற்றார், மறு ஆண்டு இந்தியாவுக்கும் வந்தார்.

தர்மன் 1981-இல் மறைந்தார். அவர் தொடங்கிய சபை இன்றும் அந்நகரில் லார்கின் தெருவில் கூடுகிறது.

இறுதியாக, ஆசிரியர்களுக்கென ஒரு செய்தி. அக்காலத்து டேட்டோனாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். தலைமையாசிரியர் ஒருவர் தம் சொந்த நேரத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்தை அவருக்குக் கற்பித்தார். தேறியபின் உயர்நிலைக் கல்விக்காக ஜாக்சன்வில்லுக்குப் புறப்பட்டபோது, கைப்பிடியில்லாத பெட்டியைத் தனிக்கட்டணம் கட்டாமல் ஏற்ற முடியாது என்று இரயில் நிலையத்தில் கூறிவிட்டார்கள். காசில்லை. படியில் அமர்ந்து அழுதார். வேலையாடை அணிந்த கறுப்பினத்தவர் ஒருவர் காரணம் கேட்டு, பணத்தைக் கட்டிவிட்டு, பெயரும் சொல்லாமல் போய்விட்டார். 1979-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றைத் தர்மன் அந்த மனிதருக்கே காணிக்கையாக்கினார்.