தாயாரின் சுருதி

சபையில் வயதான ஒரு தாயார் தமக்கு இசைந்த சுருதியில் பாடலைத் தொடங்கும்போது, கீபோர்டு வாசிக்கும் தம்பியைக் கவனியுங்கள். ‘சி’ ஸ்கேலின் கார்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவராயின், தாயாரையே அந்தச் சுருதிக்கு இழுப்பார். இரண்டாம் அடியிலேயே அந்தக் குரல் அடங்கிப்போகும்.

கார்டின் பெயரைவிட அதன் ஸ்தானத்தை அறிவது மேலானது. சங்கராபரணத்தின் ச, ரி, க, ம, ப, த, நி என்பவற்றுக்கு 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். 1-இன்மேல் எழும் கார்டு வீடு. 4 வீட்டைவிட்டுப் புறப்படுவது. 5 வீட்டுக்கு ஏங்குவது. ‘சி’யில் இவை சி, எஃப், ஜி; ‘டி’யில் டி, ஜி, ஏ. அங்கே ஏங்கிய அதே ‘ஜி’ இங்கே புறப்படுகிறது!

அந்த ஏக்கம் எதனால்? ஜி செவன்த் கார்டில் ‘பி’யும் ‘எஃப்’பும் உரசுகின்றன. ‘பி’ அரைச்சுரம் ஏறிச் ‘சி’யிலும், ‘எஃப்’ அரைச்சுரம் இறங்கி ‘இ’யிலும் அமரும்வரை செவி இளைப்பாறாது. பிரான்சு தேசத்து ராமோ 1722-இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்து எழுதினார். பாமாலைகளின் முடிவில் வரும் ‘ஆமென்’ 4-லிருந்து 1-க்கு வருவது. அதில் இவ்வுரசல் இல்லாமையால் மென்மையாய் அமர்கிறது.

டிரான்ஸ்போஸ் பொத்தான் உண்டே என்பீர்கள். உண்டுதான்; ஆனால் எத்தனை படி அழுத்துவது என்று தெரிய, தாயாரின் ‘ச’ எதுவென்று முதலில் கேட்கவேண்டுமே. தெரிந்த ஒரு பாடலை இவ்வாரம் ‘டி’யிலும் ‘எஃப்’பிலும் எண்களைச் சொல்லியே வாசித்துப் பழகச் சொல்லுங்கள்.