தம் அடித்தால் காதல் வருமா?

கல்லூரி விடும் நேரத்தில் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் நின்று பாருங்கள். சிகரெட் ஒன்று, பையன்கள் மூன்று பேர். கச்சிராயபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினால் மட்டும் புகை கொஞ்சம் ஸ்டைலாக வெளியே வரும். அவர்களில் ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வாள். அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பையன்களுக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி :-)

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வேறெங்கிருந்து, சினிமாவிலிருந்துதான். 1976ல் பாலசந்தர் எடுத்த 'மூன்று முடிச்சு' படத்தில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எத்தனை உதடுகள் சுட்டுக்கொண்டனவோ! ஆனால் அந்தப் படத்தின் கதையை யாராவது யோசித்தார்களா? ஸ்ரீதேவி காதலிப்பது கமலை. ரஜினிக்கு அவர்மேல் ஆசை. கமல் தண்ணீரில் விழுந்து தத்தளிக்கும்போது காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ஸ்ரீதேவி ரஜினியின் அப்பாவையே கல்யாணம் செய்துகொண்டு சித்தியாக வீட்டுக்குள் வருகிறார். சிகரெட் பிடித்தவனுக்குக் கிடைத்தது காதலி அல்ல, சித்தி. ரசிகர்கள் கதையை மறந்துவிட்டார்கள், சிகரெட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

அதே ரஜினி 2007ல் 'சிவாஜி' படத்தில் சூயிங்கத்தைத் தூக்கிப்போட்டார். அதற்கும் விசில் பறந்தது. ஸ்டைல் கையில் இருந்ததே தவிர புகையில் இல்லை. (2018ல் 'சர்கார்' முதல் போஸ்டரில் விஜய் சிகரெட்டோடு வந்ததும், எதிர்ப்பு கிளம்பி அது நீக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.)

அமெரிக்காவிலும் இதே கதைதான். மார்ல்போரோ முதலில் பெண்களுக்கான சிகரெட்டாகத்தான் விற்கப்பட்டது. 1950களின் நடுவில் குதிரை ஏறிய கௌபாயை விளம்பரத்தில் நிறுத்தி அதை ஆண்களின் சிகரெட்டாக மாற்றினார்கள். ஆண்மை என்பது புகையிலையில் விளைந்ததல்ல, விளம்பர ஆபீசில் தயாரானது. அந்த விளம்பரங்களில் நடித்த வேய்ன் மெக்லாரன் 1992லும், டேவிட் மெக்லீன் 1995லும் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்கள்.

உண்மையைச் சொன்னால், பெட்டிக்கடையில் ஊதும் புகையை ரசிப்பது பக்கத்தில் நிற்கும் இன்னொரு பையன்தான். பெண்களைக் காரணம் காட்டி ஆண்கள் ஆண்களுக்கே நடத்தும் ஷோ அது. இந்தியா முழுக்க 2016-17ல் எடுத்த கணக்கெடுப்பின்படி ஆண்களில் 19 சதவீதம் பேரும் பெண்களில் 2 சதவீதம் பேரும் புகைக்கிறார்கள். அப்படியானால் ஒரு பையன் விரும்பும் பெண் புகைக்காதவளாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். புகைக்காத மூக்குக்குச் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருக்கும் வாடை உடனே தெரிந்துவிடும். அவனுக்குத்தான் தெரியாது, புகை அவன் மோப்ப சக்தியையும் சேர்த்தே மழுக்கிவிடுகிறது. ஒரு ஹால்ஸ் போட்டால் போதும் என்று அவன் நம்புவது அதனால்தான்.

முகம்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2017ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உருவம் ஒத்த இரட்டையர்களில் ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர். இரண்டு பக்கத்து முகங்களையும் தனித்தனியாகக் கலந்து இரண்டு சராசரி முகங்கள் செய்து, எது அழகு என்று கேட்டார்கள். ஆண்கள், பெண்கள் இரு தரப்பும் புகைக்காத முகத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பிறவியில் ஒரே முகம்தான், மாற்றியது சிகரெட்.

இதையே ஒரு பெண் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பாட்டியை எந்த ஊரிலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பேத்தி ஒரு சிகரெட் பிடித்தால் ஊரே கூடிவிடும். பையனுக்கு அது 'வயசுக் கோளாறு', பெண்ணுக்கு அது 'நடத்தை'. நுரையீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுப்பது பழைய வழக்கம். மலையிறங்கி கீழே வந்தால் பெண் வீட்டார்தான் செய்முறை செய்ய வேண்டும், பெண்தான் காபித் தட்டோடு நிற்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு பரீட்சை: "பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?" 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த ஊர் இது. அந்தக் கேள்விக்குக் குடிதான் முதல் அர்த்தம் என்றால் அதில் தப்பில்லை. ஆனால் தரகர், "குடியெல்லாம் கிடையாதுங்க, எப்பவாவது ஒரு சிகரெட்டு, அவ்வளவுதான்" என்றதும் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்று ஜப்பானில் ஹிராயாமா என்பவர் கணக்கெடுத்தார். புகைக்காத 91,540 மனைவிமார்களை 14 ஆண்டுகள் கவனித்து 1981ல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகமாகப் புகைத்தால், சிகரெட்டைத் தொடாத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று தெரிந்தது. ஜாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் இதையும் பொருத்தங்களில் ஒன்றாகச் சேர்த்தால் என்ன?

காதல் என்றால் விசாரிக்கத் தரகரும் இல்லை, அவளேதான் கேட்க வேண்டும். கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான், "கல்யாணத்துக்கு அப்புறம் கண்டிப்பா விட்டுடறேன்." அவன் பொய் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சொல்லும்போது நிஜமாகவே நினைத்திருப்பான். ஆனால் நிகோடினுக்கு முகூர்த்த தேதி தெரியாது. தனியாக விட முடியாதவர்கள் கூப்பிடுவதற்காக 1800-11-2356 என்ற இலவச எண்ணை சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் உண்டு. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கும் பையனின் கைக்கு அந்தப் பாக்கெட் வருவதே இல்லை.