செத்துப்போன பெட்டி

நான் கலைப்பீடம். ஆனாலும் டோனி ஃபடேலின்ர கதை என்னை விடுதில்லை. அப்பிளில் ஐபாட் செய்த அணியை நடத்தியவர். பிறகு நெஸ்டைத் தொடங்கி, வீட்டுச் சூடு குளிரைப் பார்க்கும் கருவியை இணையத்தோடு இணைத்தார். 2014இல் கூகுள் நெஸ்டை 320 கோடி டொலருக்கு வாங்கியது. அதே வருசம் நெஸ்ட், விளக்கையும் பூட்டையும் ஃபோனால் இயக்க வைக்கும் ரிவோல்வ் எண்ட பெட்டியின் நிறுவனத்தை வாங்கியது. 2016 மேயில் அதன் சேர்வரை நிறுத்திவிட்டார்கள். ஆயுட்காலச் சேவை எண்டு நம்பிச் சனம் 300 டொலர் அளவில் குடுத்து வாங்கின பெட்டி, ஒரு பழுதும் இல்லாமலே செத்துப்போச்சு.

அப்பாச்சியின்ர ரேடியோ எந்தக் கொம்பனியையும் கேட்டுப் பாடுறதில்லை.

பொறியியல் படிக்கிற நண்பனிட்டக் கேட்டன்: சேர்வர் இல்லாமலும் வேலை செய்யிற மாதிரி எழுதேலாதோ?

“ஏலும் மச்சான். ஆனா அதுக்கு ஆர் சம்பளம் தருவினம்?”