வாசற்படி தாண்டினால் காடு

ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை, தேயிலைக்கு இடையே துண்டு துண்டாகச் சோலைக்காடு. தொழிலாளர்களின் லைன் வீடுகள் பல, சோலையை ஒட்டியே இருக்கின்றன. ‘காட்டுக்குள் போகாதே’ என்று இங்கே பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. வாசற்படி தாண்டினாலே காடுதான்.

நடு ஆறு, சோலையாறு கரைகளை ஒட்டி யானைகள் நடமாடுகின்றன. பகலில் சோலைக்குள் நிற்பவை, இருட்டியதும் தேயிலையைக் கடக்கும். தேயிலையை அவை தின்பதில்லை. ரேஷன் கடை அரிசியும் சத்துணவுக் கூடத்துப் பருப்பும் உப்பும்தான் அவற்றை வீடுகளுக்குப் பக்கத்தில் இழுக்கின்றன. பள்ளிக்கூடச் சுவரே இடிபடுவதுண்டு.

யானை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், மேடான இடத்தில் கம்பத்தில் பொருத்திய சிவப்பு விளக்கு மின்னும். செல்போனில் அழைத்தே அதை எரியவிடலாம். ஊர்க்காரர்களும் இயக்குகிறார்கள். குறுஞ்செய்தியும் போகும். இதற்குப் பின்னால் உழைத்த ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. இதில் பெரிய நன்மை, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தமிழ் தெரியாத பிள்ளைக்கும் விளக்கு புரியும் என்பதே. ‘சிவப்பு எரிந்தால் வெளியே போகக் கூடாது’ என்பதை மூன்று வயதிலேயே பழக்கிவிடலாம்.

சிறுத்தைக்கு அப்படி விளக்கு கிடையாது. பிள்ளைகளைச் சிறுத்தை தாக்கிய சம்பவங்கள் பலவும் அந்தி நேரத்தில், வீட்டு வாசலிலோ பக்கத்துத் தேயிலையிலோ நடந்தவை. அண்மை ஆண்டுகளில் இங்கே வனவிலங்குகளால் உயிரிழந்தவர்களில் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பாட்டி சொல்லக் கேட்டே பாதி கற்றுக்கொள்ளும். புதிதாக வந்த பிள்ளைக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டார்தான் சொல்ல வேண்டும், சைகையிலாவது.

சொல்லும்போது ஒரு தவறு நேர்கிறது. எந்த விலங்கைப் பார்த்தாலும் ‘ஓடு’ என்கிறோம். சிறுத்தை முன் ஓடினால் அது துரத்தும். குனிந்தாலோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலோ பிள்ளை அதற்கு இரைபோலத் தெரியும். நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி, சத்தம் போட்டபடி, அதையே பார்த்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். கூடவே தம்பி, தங்கை இருந்தால் கையைப் பிடித்துத் தன்னோடு ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். குனிந்து தூக்கக் கூடாது.

யானைக்கு இது பொருந்தாது. கத்தினாலும் கல் எறிந்தாலும் அது கோபப்படும். தூரத்தில் பார்த்தவுடனேயே சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். யானைக்குக் கண்பார்வை மட்டு, மோப்பம் அதிகம், மனிதனைவிட வேகமாக ஓடவும் செய்யும். கிட்டத்தில் நின்று போட்டோ எடுக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகின்றன. கரடியோ திடுக்கிட்டால் பாயும். அதனால் புதர் மறைக்கும் பாதையில் பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பது நல்லது. மூன்றையும் வாயால் சொன்னால் மறந்துவிடும். ‘இப்போது சிறுத்தை வருகிறது, என்ன செய்வாய்?’ என்று விளையாட்டாக நடித்துக் காட்டச் சொன்னால் உடம்பு பழகும்.

பிள்ளைக்குச் சொன்னதோடு பெரியவர்கள் கை கழுவ முடியாது. கோழிக்கழிவை வீட்டருகே கொட்டினால் நாய் சேரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். வீட்டைச் சுற்றிய புதரை வெட்ட வேண்டும். கழிப்பறை வெளியே இருந்தால், வழியில் விளக்கு வேண்டும், இரவில் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். மழைக்காலத்தில் அட்டைதான் பெரிய தொல்லை என்று நினைப்பார்கள். அட்டைக் கடியால் உயிர் போகாது, இருட்டில் வெறுங்காலோடு பாம்பை மிதித்தால் போகலாம். செருப்பும் டார்ச்சும் பிள்ளைக்கென்று தனியாக இருக்கட்டும்.

வால்பாறைக்குக் கீழே, காட்டோரத் தோட்டங்களில் ஆடு வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். மாலையில் ஆடு ஓட்டிவரப் பிள்ளையை அனுப்பும் வழக்கம் இருந்தால், ஒரு மணி நேரம் முன்னதாகவே பெரியவர் போய் ஓட்டிவந்துவிடலாம். இருட்டுவதற்குள் ஆடுகள் பட்டியிலும் பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.