குரல் போன மடிக்கணினி

மிக்ஸி நின்றுபோனால் அம்மி இருக்கிறது. மின்விசிறி நின்றால் பனையோலை விசிறி இருக்கிறது. ஆனால் என் மகளின் மடிக்கணினியில் சத்தம் நின்றுபோன அன்று, எங்கள் வீட்டில் அதற்கு மாற்று எதுவும் இல்லை.

என் மூத்த பெண்ணுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் விருத்தாசலம் போய் பி.ஏ. படிக்கிறாள். பாடக் குறிப்புகள் அத்தனையும் மடிக்கணினியில்தான். திரையில் உள்ளதை 'ஓர்கா' என்ற மென்பொருள் வாய்விட்டுப் படிக்கும். இவள் காதால் கேட்டுப் படிப்பாள். என் தம்பி சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினி அது. லினக்ஸ் என்றதும் பயப்படாதீர்கள். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. விலை கொடுக்காமலே பயன்படுத்தலாம். ஓர்காவும் அப்படியே. 2011-ல் நம் மாநிலத்தில் ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்கூட, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து வந்தது சிலருக்கு நினைவிருக்கலாம்.

திங்கட்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா, இது பேசவே மாட்டேங்குது!" என்ற குரல் கேட்டு ஓடினேன். திரை பளிச்சென்று இருந்தது. எனக்குத்தான் அது வெளிச்சம். அவளுக்கு முழு இருட்டு. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, பதறாதே. அவளுக்கு எல்லாம் தெரியும். கண்ணு மட்டும்தான் வேணும். நீ உட்கார்ந்து படிச்சுச் சொல்லு" என்றான். இத்தனை நாள் கணினி அவளுக்குப் படித்துச் சொன்னது. அன்றைக்கு அந்த வேலை எனக்கு வந்தது. என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன்.

முதலில் சின்ன விஷயங்கள். சத்தத்தை அடைக்கும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா? இல்லை. இயர்போன் செருகினால் கேட்கிறதா? அதிலும் இல்லை. அமைப்புகளில் சத்தம் என்ற பகுதியைத் திறந்தேன். "டி, யு, எம், எம், ஒய்..." என்று வாசித்தேன். "டம்மி அவுட்புட்டா? அப்போ லினக்ஸுக்கு ஸ்பீக்கர் இருக்கிறதே தெரியலைம்மா" என்றாள்.

எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் அவள் தட்டச்சு செய்வாள். 'ஏப்ளே' என்ற கட்டளையைக் கொடுத்தாள். ஒலி அட்டை எதுவும் காணோம் என்று பதில் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய சாமான், உள்ளே எரிந்தே போய்விட்டதோ? அடுத்து, உள்ளே இருக்கும் சாமான்களையெல்லாம் பட்டியல் போடும் கட்டளை. அதில் 'ஆடியோ' என்ற வரி இருந்தது! ஆனால் அதை இயக்கும் நிரல் எது என்று காட்டவேண்டிய வரி மட்டும் இல்லை.

"பொருள் நல்லாத்தான் இருக்கு, அக்கா. அடையாளம்தான் தெரியலை. புது மருமகளுக்கு உப்பு ஜாடி எங்கேன்னு யாரும் சொல்லாத மாதிரி" என்ற தம்பி, அடுத்துக் கேட்டான்: "நேத்து ஏதாவது செஞ்சீங்களா?"

செய்தது நான்தான். முந்தின நாள் சாயங்காலம், புதுப்பிக்கச் சொல்லித் திரையில் கேட்டதும் 'சரி' என்று அழுத்திவிட்டேன். பாதியில் கரண்ட் போனது. பழைய பேட்டரி தாங்கவில்லை. லினக்ஸின் உட்கரு மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்துவிட்டது. அதோடு வரவேண்டிய ஒலி இயக்கிகள் வந்து சேரவில்லை. மகளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னேன். "விடும்மா, நீ என்ன தெரிஞ்சா பண்ணினே" என்றாள்.

நல்லகாலம், லினக்ஸ் தன் பழைய உட்கருவை உடனே தூக்கி எறிவதில்லை. மறுபடி இயக்கும்போது 'எஸ்கேப்' பொத்தானை அழுத்தினோம். வந்த பட்டியலில் கூடுதல் வசதிகள் என்ற வரியைத் திறந்து, பழைய பதிப்பைத் தேர்ந்தேன். இரண்டு நிமிஷம் இரண்டு யுகம். "ஸ்கிரீன் ரீடர் ஆன்" என்று அந்த இயந்திரக் குரல் சொன்னபோது, அதைவிட இனிய சங்கீதம் உண்டா என்றிருந்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் மகள்.

அப்புறம் கரண்ட் இருக்கும்போதே, பாதியில் நின்ற புதுப்பிப்பைத் தம்பி சொல்லச் சொல்ல அவளே முடித்தாள். விடுபட்ட இயக்கிகளும் ஏறின. புது உட்கருவும் பேசியது. இட்லிதான் கல்லாகிவிட்டது!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால், கெட்டே போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பொருள் இருக்கிறதா, இயக்கி இருக்கிறதா, கடைசியாக என்ன மாற்றினோம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கரண்ட் நிலையாக இருக்கும்போது மட்டும் புதுப்பியுங்கள். பரீட்சை வாரத்தில் அதைத் தொடவே வேண்டாம். குறிப்புகளை ஒரு பென்டிரைவிலும் எடுத்து வையுங்கள்.

திங்கட்கிழமை பரீட்சை எழுதப் போனாள். இப்போது திரையில் ஏதாவது கேட்டால் நான் 'சரி' அழுத்துவதில்லை. அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுகிறேன். என் இங்கிலீஷும் கொஞ்சம் தேறியிருக்கிறது.