ஒரே உலைச் சோறும் பரமண்டல ஜெபமும்

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியரும், 'பரட்டை' என்று அறியப்பட்ட பாடலாசிரியருமான தியாபிலஸ் அப்பாவு (1940–2005), வழிபாட்டு முறைமையை, அதாவது பாவ அறிக்கை முதல் ஆசீர்வாதம் வரை சபை சேர்ந்து சொல்லும் ஒழுங்கை, கீர்த்தனை மரபிலிருந்து நாட்டார் மெட்டுக்கும் உழைப்பாளர் பேச்சுக்கும் கொண்டுவந்தார். சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையும் அவ்விசைக்குள் வந்தது. அதற்குச் சில சபைகள் முகம் சுளித்திருந்தால் வியப்பதற்கில்லை, சாதி ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை அல்லவா!

பரமண்டல ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தை வேண்டும் விண்ணப்பத்தை அவர் ஒரே உலையில் பொங்கிப் பகிரும் சோறாக விரித்தது, மரக்காணம் உப்பளங்களுக்கு அருகிலுள்ள பிரம்மதேசம் வட்டாரத்தில் தனிப் பொருள் பெறுகிறது. ஏனெனில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கி, அளத்தில் கூலிக்கு உப்பு வாருவோரின் வருமானம் நின்றுபோக, அந்த ஆகாரம் உருவகமாக இல்லாமல் ஐப்பசி மாதத்து அரிசிக் கணக்காகிறது. மழைக்கால ஞாயிறுகளின் பொது மன்றாட்டில், அதாவது சபை பிறருக்காகச் செய்யும் வேண்டுதலில், கூலியையும் கடனையும் நிவாரணத்தையும் பெயர் சொல்லிக் கேட்க இம்முறைமை இடம் தருகிறது.