வாடைக்கால வானம்

கச்சான் ஓய்ந்து வாடை வீசத் தொடங்கினால் அதுதான் எங்கள் பக்கத்துக் குளிர்காலம். மழை வெளித்த இரவுகளில் வயல் வரம்பு வழியே நடப்பேன். வாடிக் காவலுக்கென வாப்பா வளர்த்த நாயும் கூட வரும். "மாஸ்டர் நாயோட திரியிறார்" என்று ஊர் முணுமுணுக்கும். பயிர்க் காவலுக்கு நாய் வளர்க்க மார்க்கத்தில் இடமுண்டு என்பது அவர்களுக்கும் தெரியும்.

மழை கழுவிய வானத்தில் தூசு இராது. நவம்பரில் மஃரிபுக்குப் பின் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் தெரியும். நம் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் சுரையா என்ற பெயர் அதனுடையதுதான். டிசம்பரில் ஓரியன் என்னும் வேடன் வருவான். அவனது கால் நட்சத்திரம் ரைஜல். அரபியில் 'ரிஜ்ல்' என்றால் கால். ஜனவரியில் இஷாவுக்குப் பிறகு அவனது வேட்டை நாயில் ஒளிரும் சிரியஸ், குர்ஆன் பெயர் சொல்லும் ஷிஃரா, நன்றாக மேலேறி நிற்கும். இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் வேறில்லை.

அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 8.6 ஆண்டுகள் செல்லும். வாப்பா இந்த நாயைக் குட்டியாகத் தூக்கி வந்த நாட்களில் புறப்பட்ட ஒளியைத்தான் இன்று காண்கிறேன். வாப்பா இப்போது இல்லை. முன்னே ஓடிய நாய்க்கும் கால் தளர்ந்துவிட்டது. வரம்பு உடைப்புகளில் அது வந்து சேரும்வரை நான் காத்து நிற்கிறேன். அப்போதுதான் வானத்தை ஆறுதலாகப் பார்க்கக் கிடைக்கிறது.